ஆவாரைச் சாகுபடியும் அதன் உபயோகங்களும்

செம்மண் மேடுகளிலும், கரிசற்காட்டு ஓரங்களிலும், மேய்ச்சல் தரைகளிலும் செல்வோர் கண்ணுக்கு முதலிற் படுவது ஆவாரையின் மஞ்சட் பூவேயாகும். மற்றப் பூண்டுகள் கருகிக் கிடக்கும் கோடையிலும் இச்செடி பசுமை குன்றாமல் நிற்கின்றது. விதைப்பவர் இல்லை, நீர் விடுபவர் இல்லை, வேலி கட்டுபவரும் இல்லை. இக்காரணம் பற்றியே குடியானவர்கள் இதனை ஒரு பயிராக மதிப்பதில்லை. “தானே முளைப்பதைப் பயிரிடுவானேன்?” என்று கேட்பவரே பலர். தானே முளைப்பது தானே மறைவதும் உண்டு என்பதை இவர்கள் சிந்திப்பதில்லை. முன்பு வண்டி வண்டியாக ஆவாரந் தழை வெட்டிய புறம்போக்குகள் பலவற்றில் இன்று சீமைக் கருவேல முள்ளைத் தவிர வேறொன்றும் காணப்படவில்லை. ஆகையால், தழையோ பூவோ வேண்டுபவர் இச்செடியைத் தம் நிலத்தில் விதைத்து வளர்த்துக்கொள்வதே தக்க வழியாகும். அதற்குரிய முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

பழைய படிப்பினை ஒன்று

ஆவாரையின் பெருமை தமிழ்நாட்டாருக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் கூறும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. பொங்கற் பண்டிகையை ஒட்டி வீட்டு வாயிலிலும் வயலிலும் காப்புக் கட்டுவோர் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் சேர்த்துக் கட்டுதல் வழக்கம். தெலுங்கு நாட்டில் இது ‘தங்கேடு’ எனப்படும். அங்கே பதுக்கம்மா விழாவில் அடுக்கப்படும் மலர்களுள் இது முதன்மையானது. 2014ஆம் வருஷத்தில் அமைந்த தெலங்கானா மாநிலம் இதனையே தன் மலராகக் கொண்டுள்ளது.

எனினும், முற்காலத்தில் இச்செடிக்குப் பணமதிப்பைக் கொடுத்தது அதன் பூவன்று, பட்டையேயாம். தோல் பதனிடுதற்கு இன்றியமையாத துவர்ப்புச் சத்து ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை உள்ளது. முன்னாட் சென்னை மாகாணத்தின் தோற் கிடங்குகள் நெடுங்காலம் இப்பட்டையையே நம்பி நடந்தன. இதனாற் பதனிட்ட தோல் வெளுப்பாகவும் மிருதுவாகவும் இருக்கும். வெளிச்சம் பட்டாற் சிவப்பேறும் குற்றம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கடுக்காய் நீரில் ஊறவைத்து நீக்குவர். முதலாம் உலகப்போர் நடந்த 1914 முதல் 1918 வரையிலான காலத்தில், படைவீரர் காலணிகளுக்காக இத்தோலுக்குப் பெருந்தேவை உண்டாயிற்று. தேவை பெருகப் பெருகக் காட்டிலுள்ள செடிகள் உரிக்கப்பட்டனவேயன்றி, அதற்கீடாக விதைத்தவர் மிகச் சிலரே. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை துவர்ப்புச் சத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டதாகவும், தோட்டங்களிற் பயிரிடப்பட்டதால் தடையின்றிக் கிடைப்பதாகவும் இருந்தமையால், ஆவாரம்பட்டையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. காட்டில் எடுப்பதை மட்டும் நம்பிய பொருள், தோட்டத்தில் விளைவித்த பொருளுக்கு முன் நிற்க முடியவில்லை. இக்காலத்தில் ஆவாரம்பூவுக்குத் தேவை பெருகி வருவதைக் காண்போர் இப்படிப்பினையை மறத்தலாகாது.

செடியின் இயல்பு

ஆவாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. சாதாரணமாக மூன்றடி முதல் ஐந்தடி வரை உயரும். நல்ல நிலத்தில் அதற்கு மேலும் வளரும். தாவர நூலார் இதனை முன்பு காசியா ஆரிகுலேட்டா என்றனர்; இப்பொழுது சென்னா ஆரிகுலேட்டா என்கின்றனர். ‘ஆரிகுலேட்டா’ என்பதற்குச் சிறு காதுகளை உடையது என்பது பொருள். இலைக்காம்பின் அடியில் இருபுறமும் காது மடல் போன்ற பெரிய செதில்கள் இருப்பதால் இப்பெயர் வந்தது. ஒவ்வோர் இலையிலும் எட்டு முதற் பன்னிரண்டு இணை வரை சிற்றிலைகள் உண்டு. ஒவ்வோர் இணைக்கும் நடுவில் மெல்லிய சுரப்பி ஒன்று நிற்கும். காய் தட்டையாய், காகிதம் போன்று மெலிந்து, விதைகளுக்கிடையே பள்ளம் விழுந்திருக்கும்.

ஆடுமாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. மேய்ச்சல் மிகுந்த தரையிலும் இது பிழைத்து நிற்பதற்கு இதுவே காரணம். ஆகையால் வேலியிட வசதியில்லாத நிலத்திலும் இதனை வளர்க்கலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் அவசியம். அவரைக் குடும்பத்துச் செடியாதலால், சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியவற்றைப் போல இதுவும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளிற் சேர்க்கும் என்று சிலர் நம்புகின்றனர். சென்னா இனத்துச் செடிகளின் வேர்களில் அத்தகைய முடிச்சுகள் பொதுவாக உண்டாவதில்லை. ஆவாரந் தழையிலுள்ள சத்து, ஆழ்ந்து செல்லும் அதன் வேர் மண்ணிலிருந்து எடுத்துத் தந்ததேயாகும். எனவே, ஆவாரந் தழையை வயலுக்கு இடும்பொழுது ஓரிடத்துச் சத்தை மற்றோரிடத்துக்கு மாற்றுகின்றோம் என்பதே உண்மை. வருஷந்தோறும் ஒரே மேட்டில் மொட்டையாக வெட்டி எடுத்துவந்தால் அம்மேடு மெலிந்து போகும். உதிரும் சருகையும் கழிக்கும் சுள்ளியையும் அந்நிலத்திலேயே விட்டுவிடுதல் வேண்டும்.

ஒத்த பெயரும் ஒத்த தோற்றமும் உள்ள செடிகள்

விதை சேகரிப்பவரும் பூ வாங்குபவரும் இவ்விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ‘ஆவாரை’ என்ற பெயரைத் தாங்கிய செடிகள் பல உள; அவற்றின் குணமோ வேறு.

நிலாவாரை என்பது திருநெல்வேலிச் சீமையில் பயிராகி அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் மருந்துச்செடி. அதன் இலை கடும் பேதியை உண்டாக்குவது. ஆவாரை என்று எண்ணி இதனை நாள்தோறும் பருகியவர் வயிறு கெட்டு வருந்துவர். இதன் சிற்றிலைகள் ஈட்டி முனை போன்று கூரியவை. இணைகளுக்கிடையே சுரப்பி இராது.

பேயாவாரை என்றும், சிலவிடங்களிற் பொன்னாவாரை என்றும் கூறப்படும் செடி குப்பைமேடுகளிலும் பாதையோரங்களிலும் மழைக்குப் பின் முளைப்பது. இதன் சிற்றிலைகள் நான்கு முதல் ஆறு இணைகள்; நுனி கூரியவை; கசக்கினால் துர்நாற்றம் வீசும். சுரப்பி இலைக்காம்பின் அடியில் ஒன்றே உண்டு. இதன் விதை கால்நடைகளுக்கு நஞ்சு. வட இந்தியாவில் இதன் காயைத் தின்ற சிறு குழந்தைகள் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு மாண்டதும் உண்டு. ஆகவே, காதுமடற் செதிலும், ஒவ்வோர் இணைக்கும் ஒரு சுரப்பியும், காகிதம் போன்ற தட்டைக் காயும் ஆகிய மூன்று அடையாளங்களும் பொருந்தியிருந்தாலன்றி எச்செடியையும் ஆவாரை என்று கொள்ளலாகாது.

மண்ணும் பருவமும்

சரளை, செம்மண், கரிசல் ஆகிய எல்லா நிலங்களிலும் ஆவாரை வளரும். நீர் தேங்கும் பள்ளங்களும் அடர்ந்த மரநிழலும் இதற்கு ஆகா. நல்ல பயிர் விளையும் புஞ்சையை இதற்கென ஒதுக்க வேண்டியதில்லை. வரப்பு, வண்டிப்பாதையின் இருமருங்கு, கிணற்றுமேடு, மண் அரித்தோடும் சரிவு, கல் பொறுக்கிப் போட்ட மூலை ஆகிய இடங்களே இதற்குப் போதும். சரிவில் வைக்கும்பொழுது, சரிவின் குறுக்கே வரிசை பிடித்து வைத்தால் ஓடும் மண்ணைச் செடிகள் தடுத்து நிறுத்தும்.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஜில்லாக்களில் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் விதைப்பது நலம். முதல் மழையில் நிலம் நனைந்தவுடன் விதைத்தால் மார்கழிக்குள் நாற்று வேரூன்றி வரும் கோடையைத் தாங்கிக்கொள்ளும்.

விதை சேகரித்தலும் பக்குவஞ் செய்தலும்

காய் பழுப்பு நிறமடைந்து, குலுக்கினால் விதை ஒலிக்கும் பருவத்தில் பறித்தல் வேண்டும். ஒரே செடியில் எல்லாக் காய்களையும் பறியாமல், ஊக்கமாய் வளர்ந்து தழையும் பூவும் மிகுந்த பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது நன்று. பறித்த காய்களை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, கோலால் தட்டிப் புடைத்து, வண்டரித்த விதைகளை நீக்கிவிட வேண்டும்.

ஆவாரை விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் சில மழைக்கும் பல அடுத்த வருஷத்துக்குமாக முளைக்கும். இக்குறையைப் போக்கும் சுலபமான வழி வருமாறு: ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பினின்று இறக்கி, கொதிப்பு அடங்கியபின் விதையை அதிலிட்டு, அப்படியே ஆறவிட்டு, இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் உப்பியிருக்கும் விதைகளை எடுத்து அன்றே விதைத்துவிட வேண்டும். உப்பாதவற்றை மறுமுறையும் அவ்வாறே செய்யலாம். அடுப்பின்மேல் வைத்துக்கொண்டே விதையைப் போடுபவர் விதையை அவித்துவிடுவர். விதை சிறிதாயின் மணலோடு சேர்த்துச் சாக்கின்மேல் வைத்துத் தோல் உராயுமாறு தேய்த்தாலும் போதும்.

விதைப்பும் பின்செய் நேர்த்தியும்

தழைக்காகத் தனித் தோப்பாக வைப்போர் வரிசைக்கு வரிசை நான்கடியும், செடிக்குச் செடி மூன்றடியும் விடலாம். இக்கணக்கில் ஓர் ஏக்கருக்கு 3,630 செடிகள் கொள்ளும். ஒவ்வொரு குழியிலும் மூன்று நான்கு விதைகளை அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்து ஒரு சாண் உயர்ந்தபின் ஊக்கமான ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். களைந்த நாற்றை மழைநாளில் வேறிடத்தில் நடலாமெனினும், ஆணிவேர் முறிந்தவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகையால் நேர் விதைப்பே சிறந்தது. வரப்பிலும் வேலியோரத்திலும் ஒரே வரிசையாக ஒன்றரை அடிக்கு ஒரு செடி இருக்குமாறு நெருக்கி விதைக்கலாம்.

முதல் வருஷத்தில் நாற்றைப் புல் மூடாமல் இருமுறை களையெடுத்தல் அவசியம். மழை ஏமாற்றினால் மாதம் ஒருமுறை குடத்து நீர் ஊற்றுவது உதவும். இரண்டாம் வருஷம் முதல் யாதொரு கவனிப்பும் வேண்டா. சில பருவங்களில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். இதற்கு மருந்து தெளித்தல் வீண் செலவு. புழுக்களைப் பறவைகள் பொறுக்கும். செடி மீண்டும் தளிர்க்கும்.

தழையுரம்

நஞ்சைக் குடியானவருக்கு ஆவாரையால் உண்டாகும் முதற்பயன் தழையே. நெல் வயலுக்கு ஏக்கர் ஒன்றுக்கு இரண்டரை டன் பச்சைத்தழை இடுவது பொதுவாகக் கூறப்படும் அளவு. மேற்கூறிய தோப்பில் ஒரு செடி ஒரு வெட்டுக்கு ஒரு கிலோ தழை தருவதாகக் குறைவாக வைத்துக்கொண்டாலும், 3,630 கிலோ கிடைக்கும். இஃது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் நஞ்சைக்குப் போதுமானது.

இரண்டாம் வருஷத்து மழைக்குப் பின்னரே முதல் வெட்டைத் தொடங்க வேண்டும். தரையினின்று ஓரடி விட்டு, கூரிய அரிவாளால் சரிவாக வெட்டினால் அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கும். மழுங்கிய அரிவாளாற் பிளந்த கட்டை காய்ந்துபோம். ஒரே வெட்டில் எல்லாச் செடிகளையும் மொட்டையாக்காமல், ஒன்றுவிட்டு ஒரு வரிசையை வெட்டி, மற்றதை அடுத்த போகத்துக்கு விடுவது அறிவுடைமை.

ஆவாரந் தழையில் துவர்ப்புச் சத்து மிகுதியாதலால், அது கொழிஞ்சியைப் போல விரைவில் மக்குவதில்லை. முற்றிய குச்சிகளைக் கழித்து, இளந்தழையை மட்டும் கொண்டுவந்து, புங்கந்தழை, கொழிஞ்சி முதலியவற்றோடு கலந்து, நடவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே சேற்றில் மிதித்துவிட வேண்டும். நடவுக்கு முதல்நாள் மிதித்துவிட்டுப் பயிர் வெளுத்ததென்று தழையைக் குறை கூறுவோர், குற்றம் தழையிலில்லை, தாமதத்தில் உள்ளதென்று உணர்தல் வேண்டும். களர் நிலத்திலும் தழைமிதிப்பு நன்மை பயக்கும். ஆனால் வடிகால் எடுக்காமல் தழை மட்டும் மிதித்துக் களரைப் போக்க முடியாது.

பட்டை

தோற் கிடங்குகளின் பெருந்தேவை இப்பொழுது இல்லையெனினும், இயற்கைத் துவர்ப்பால் பதனிடுவோரும் மருந்துச்சரக்கு வணிகரும் பட்டையை வாங்குவதுண்டு. வெட்டி எடுத்த கிளையிலிருந்தே பட்டையை உரித்தல் வேண்டும். நின்ற செடியைச் சுற்றி உரித்தால் செடி பட்டுப்போம். வேர்ப்பட்டைக்காகத் தூரோடு தோண்டுவது முழு நஷ்டம். ஒரு பிடி பட்டைக்காகப் பல வருஷத் தழையையும் பூவையும் இழப்பதாகும்.

பூ

ஆவாரம்பூவை உலர்த்திப் பொடியாகவும், நீரில் காய்ச்சிப் பானமாகவும் உபயோகிப்பது பெருகி வருகின்றது. இலங்கையில் ‘ரணவரா’ என்ற பெயரால் இதன் பூவும் இலையும் தேயிலைபோற் காய்ச்சிப் பருகப்படுகின்றன. கோடையில் வழிநடப்போர் இதன் தழையைத் தலையிற் கட்டிக்கொள்வதும், உடற்சூடு தணிய இதன் பூவை அரைத்துத் தேய்த்துக் குளிப்பதும் நாட்டு வழக்கம்.

விற்பனைக்குப் பூ எடுப்போர், பனி உலர்ந்தபின் காலையில் அன்று மலர்ந்த பூக்களை மட்டும் பறிக்க வேண்டும். சாலையோரத்துப் புழுதிப் பூவும், மருந்து தெளித்த வயலை அடுத்த பூவும் உண்ணுதற்காகா. பறித்தவற்றைக் காற்றோட்டமுள்ள நிழலில் பாயின்மேல் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்த வேண்டும். குவித்து வைத்தாற் புழுங்கிக் கறுக்கும். வெயிலிற் காயவைத்தால் நிறம் வெளுக்கும். பிடித்தால் நொறுங்கும் பதத்தில் ஈரமற்ற கலத்திலிட்டு மூடி வைத்தால் நிறம் கெடாமல் நெடுநாள் இருக்கும்.

மதுமேகம் என்னும் நீரிழிவு நோய்க்குச் சித்த வைத்தியர்கள் ஆவாரையை நெடுங்காலமாகக் கொடுத்து வருகின்றனர். பிராணிகளிடத்துச் செய்த சோதனைகளில் இதன் சாரம் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததும் உண்மை. ஆனால் பிராணிகளிடம் கண்டதை மனிதரிடத்தும் அவ்வாறே நிகழுமென்று துணிதல் கூடாது. பூநீரை நம்பி, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியும். மருந்தோடு இதனையும் சேர்த்துப் பருக விரும்புவோர் வைத்தியரிடம் சொல்லிவிட்டே பருக வேண்டும். விற்பனை செய்வோரும் “நோய் தீரும்” என்று சொல்லி விற்றலாகாது.

கருவண்டும் கத்தரியும்

செடியிலுள்ள பூ முழுவதையும் பறித்தலும் கூடாது. ஆவாரம்பூவில் தேன் இல்லை; மகரந்தமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு போன்ற பெரிய வண்டுகள் பூவைக் கவ்விக்கொண்டு ‘விர்’ரென்று உடலை அதிரச் செய்தாலன்றி அஃது உதிராது. தேனீக்கு இவ்வித்தை தெரியாது. கத்தரி, தக்காளி ஆகியவற்றின் பூக்களும் இவ்வமைப்பை உடையவையே. அவற்றிலும் அதிரும் வண்டு வந்த பூவிற் காய்ப்பிடிப்பு மிகும். காய்கறிப் பயிர் இல்லாத காலத்தில் இவ்வண்டுகள் உண்டு பிழைக்க ஆவாரை இடந்தருகின்றது. எனவே, தோட்ட வரப்பில் ஆவாரை வளர்ப்பவர் தம் கத்தரித் தோட்டத்துக்கு உதவியாளரை வளர்க்கின்றார். பாதிப் பூவையாவது செடியில் விட்டு வைத்தால், வண்டுக்கும் உணவாகும். விதைக்கும் காய் நிற்கும்.

கிராம அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

மேய்ச்சல் தரைகளில் ஆவாரை அழிவதற்குக் காரணங்கள் மூன்று: தூரோடு தோண்டி எடுத்தல், காய் முற்றுமுன் பூவை முற்றிலும் பறித்தல், சீமைக் கருவேல் பரவுதல். கடைசியிற் கூறியது வெளிநாட்டு முள்மரம். விறகுக்கென்று கொண்டுவரப்பட்டு, பிறகு கட்டுக்கடங்காமல் பரவியது. அதன் அடர்ந்த புதருக்குள் வெயில் வேண்டும் ஆவாரை பிழைப்பதில்லை.

சீமைக் கருவேலை வெட்டித் தூர் அகற்றும் இடங்களில் நிலத்தை வெறுமையாக விட்டால், மண்ணிற் கிடக்கும் விதையிலிருந்து அம்முள்ளே மீண்டும் முளைக்கும். அகற்றிய அதே பருவமழையில் ஆவாரை விதையைத் தூவி, முதல் இரண்டு வருஷம் முள் நாற்றுகளைக் கையாற் பிடுங்கி வந்தால், தரை ஆவாரைக்கும் புல்லுக்கும் உரியதாகும். பொது நிலத்துச் செடியில் தழையும் பூவும் எடுப்பதற்கு முறை வகுத்தல், எந்தப் பக்கத்தை எந்த வருஷம் வெட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்தல், வெளியூர் வியாபாரிகள் அனுமதியின்றி மூட்டை மூட்டையாகப் பறித்துச் செல்வதைத் தடுத்தல் ஆகியவை ஊர்ப் பொறுப்பாளர் கடமையாம். இச்செடியின் தழையையும் பூவையும் நம்பிக் கூலி தேடும் நிலமற்ற ஏழைகள் பலர் உளர். முறை வகுக்குங்கால் முதற் பங்கு அவர்களுக்குக் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுதல் நியாயமாகும்.

தொடங்குதல்

புதிதாகத் தொடங்குவோர் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டுவதில்லை. இக்கோடையிலேயே நல்ல செடிகளை அடையாளம் கண்டு, இரண்டு படி விதை சேர்த்து, வரும் ஐப்பசியில் ஒரு வரப்பிலும் ஒரு சரிவிலும் விதைத்துப் பார்க்கலாம். செலவென்பது ஓரிரு நாட் கூலியே. மூன்றாம் வருஷத்தில் அவ்வரப்பினின்று வெட்டிய தழையைத் தம் நாற்றங்காலில் மிதிப்பவர், “தானே முளைப்பதைப் பயிரிடுவானேன்?” என்று கேட்கும் அண்டை நிலத்தாருக்குத் தாமே விடை கூறுவர்.